முறுக்கு என்னும் ஒற்றை வித்தை: நூற்பு, நெசவு, சாயம் தொடங்குவோருக்கு ஓர் அறிமுகம்

ஒரு சிறு கொத்துப் பஞ்சை எடுத்து இரு கைகளாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். எந்த எதிர்ப்பும் காட்டாமல் இரண்டாகப் பிரிந்துவிடும். இன்னொரு கொத்தை எடுத்து, மெல்ல இழுத்துக்கொண்டே விரல்களுக்கிடையே ஒரே திசையில் உருட்டுங்கள். சில விநாடிகளில் ஒரு நூல் கிடைக்கும். அதை அறுக்க இப்போது பலம் வேண்டும். பஞ்சு பழைய பஞ்சுதான். பசை சேர்க்கவில்லை, முடிச்சுப் போடவில்லை. புதிதாக உள்ளே போனது முறுக்கு மட்டும்.

நூல் நூற்பது, நெய்வது, பின்னுவது, சாயம் தோய்ப்பது என்று இழை சார்ந்த கைவேலைகளில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கருவி வாங்கலாம்?" என்பதுதான். அதற்கும் பதில் உண்டு, பிறகு வருகிறேன். ஆனால் முறுக்கு என்ன செய்கிறது என்று தெரியாமல் வாங்கிய இராட்டை பரணில்தான் கிடக்கும். தெரிந்துகொண்டவருக்கு ஒரு குச்சியும் ஒரு வட்டத் தட்டும் போதும். நூல் ஏன் அறுகிறது, துணி ஏன் சுருங்குகிறது, சாயம் ஏன் உள்ளே இறங்கவில்லை என்ற கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தில் வந்து நிற்கும்.

இழைகளைப் பிடித்து வைப்பது எது?

பருத்தி இழை ஒன்றின் நீளம் பொதுவாக 25 முதல் 30 மில்லிமீட்டர். ஆகவே ஒரு மீட்டர் பருத்தி நூலில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடும் இழை ஒன்றுகூடக் கிடையாது. குட்டை இழைகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன, அவ்வளவே. முறுக்கும்போது அவை சுருள் வடிவம் பெறுகின்றன. நூலை இழுத்தால் வெளிச் சுருள்கள் நேராக முயன்று உள்ளிருக்கும் இழைகளை அழுத்துகின்றன. அழுத்தம் கூடக் கூட உராய்வும் கூடுகிறது. இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது என்பதுதான் இதன் அழகு.

இதற்கும் எல்லை உண்டு. முறுக்கு குறைவாக இருந்தால் இழைகள் வழுக்கி நூல் சத்தமில்லாமல் பிரிந்துவிடும். அறுந்த முனையைப் பார்த்தால் பஞ்சு நீண்டு மெலிந்து தெரியும். முறுக்கு மிகையானால் இழைகள் நூலின் நீளவாக்கில் நிற்காமல் குறுக்காகச் சாய்ந்துவிடும். நீளவாக்கில் தாங்கும் வலு குறையும். தளர்த்திப் பிடித்தால் தன்மேலேயே சுருண்டு கொக்கி போட்டுக்கொள்ளும். சட்டென்று அறுந்த முனை கத்தரித்தது போலக் கட்டையாக இருக்கும். இந்த இரண்டு முனைகளையும் பிரித்தறியத் தெரிந்தால், நூல் அறுந்ததற்கு யார் காரணம் என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை.

எவ்வளவு முறுக்கு தேவை என்பதை இழையின் நீளமும் பருமனும் தீர்மானிக்கின்றன. குட்டை இழைக்கு அதிகம், நீள இழைக்குக் குறைவு. கம்பளி மயிர் ஆட்டின் இனத்தைப் பொறுத்து ஐந்து செ.மீ.யிலிருந்து பதினைந்து செ.மீ.யும் அதற்கு மேலும் வரும். மேற்பரப்பில் நுண்ணிய செதில்களும் உடலில் இயல்பான நெளிவும் இருப்பதால் ஒன்றோடொன்று தாமே பற்றிக்கொள்ளும். பருத்தி இழை காயும்போது தட்டையாகி ஆங்காங்கே தானே முறுக்கிக்கொள்கிறது. அந்த இயற்கைத் திருகல் இல்லாவிட்டால் அத்தனை குட்டை இழையை நூற்பது பெரும்பாடு. ஆளி நாரோ நீளமானது, விறைப்பானது, ஈர விரலால் நூற்றால் வழவழப்பாக அடங்கும். பட்டு தனி ரகம். ஒரு கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை அறுபடாமல் வருவதால், பிடித்து வைப்பதற்காக முறுக்கு வேண்டியதே இல்லை. பல இழைகளைச் சேர்த்து வைப்பதற்காகச் சிறிது கொடுத்தால் போதும். பட்டின் பளபளப்புக்கு இதுவும் ஒரு காரணம். முறுக்கு கூடினால் ஒளி சிதறும், மினுமினுப்பு மங்கும்.

கருவி: குச்சியிலிருந்து இராட்டை வரை

நூற்புக் கருவிகள் எல்லாம் செய்வது ஒரே வேலைதான். இழைக் கொத்தின் ஒரு முனையைச் சுழற்றுவது, சுழன்றதைச் சுற்றி வைப்பது. கதிரும் (வட்டத் தட்டு கோத்த சுழல் குச்சி), அதன் சிறு வடிவமான தக்ளியும் இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்கின்றன: கொஞ்சம் முறுக்கு, கொஞ்சம் சுற்று. இராட்டையில் பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றினால் சிறிய கதிர் பலமுறை சுற்றும், ஆனால் முறையே மாறாது. காலால் மிதித்து ஓட்டும் சக்கரங்களில் மட்டும், கதிரைச் சுற்றி ஓடும் இறக்கை அமைப்பு முறுக்குவதையும் சுற்றுவதையும் ஒரே சமயத்தில் செய்துவிடும்.

இந்த இடத்தில் தொடங்குபவர்கள் பலர் தவறான சோடியில் மாட்டிக்கொள்கிறார்கள். தொங்கவிட்டுச் சுழற்றும் கனமான கதிரை வாங்கிப் பருத்தியை நூற்க உட்காருவார்கள். நூல் அறுந்து கதிர் தரையில் விழும், மறுபடி விழும், "என் கைக்கு இது வராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கையில் குறையே இல்லை. குட்டை இழையால் ஆன, இன்னும் முறுக்கு ஏறாத நூலில் கருவியின் முழு எடையும் தொங்குகிறது. அறாமல் என்ன செய்யும்? பருத்திக்குத் தக்ளி போல, முனையை ஒரு கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றும் இலேசான கருவி வேண்டும். அல்லது இராட்டை. இரண்டிலும் நூல் எடையைச் சுமப்பதில்லை. வேகமும் அதிகம், குட்டை இழை கேட்கும் முறுக்கு விரைவாக ஏறும். தொங்கு கதிருக்குக் கம்பளி பொருத்தம். முப்பதிலிருந்து ஐம்பது கிராம் எடையுள்ள கதிரும், சுத்தம் செய்து சீவி நீளத் திரியாக்கிய கம்பளியும் இருந்தால் ஒரு வார இறுதியில் நூல் போன்ற ஒன்று வந்துவிடும். எதில் தொடங்கலாம் என்று கேட்டால் கம்பளியில் என்றே சொல்வேன். வெப்பப் பகுதியில் இருப்பவருக்குக் கம்பளியால் பயன் குறைவு என்றாலும், விரல்கள் கற்றுக்கொள்ளும் வரை அது பொறுமையான ஆசான்.

இழுப்பதில் ஒரே ஒரு விதி இருக்கிறது, அதைப் பலரும் சொல்லித் தருவதில்லை. பஞ்சைப் பிடித்திருக்கும் கைக்கும், நூலைப் பிடித்திருக்கும் கைக்கும் இடையிலான தூரம் இழையின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஒரே இழையின் இரு முனைகளையும் இரு கைகளும் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகின்றன என்று பொருள். பலத்தைக் கூட்டாதீர்கள். கைகளைக் கொஞ்சம் விலக்கினால் பஞ்சு தானாக வழுக்கி வரும்.

முறுக்கு இன்னும் நூற்காத பஞ்சுக்குள் ஏறிவிட்டாலும் இதே இறுக்கம் வரும். அதனால் தொடக்கத்தில் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. கதிரைச் சுழற்றி நூலில் முறுக்கை ஏற்றுங்கள், கதிரை முழங்கால்களுக்கிடையே இடுக்கி நிறுத்துங்கள், பிறகு பஞ்சை இழுத்து, தேங்கி நிற்கும் முறுக்கைச் சிறிது சிறிதாக அதற்குள் விடுங்கள். மெதுவான முறைதான். ஆனால் கண்ணால் பார்த்துக் கற்க இதைவிடச் சிறந்த வழி இல்லை.

பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று தெரியும்: முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்தைத் தேடி ஓடும். அங்கே எதிர்ப்புக் குறைவு. பருத்த இடத்தில் முறுக்கு குறைவாகவே இருக்கும். புதியவரின் நூல் ஓரிடத்தில் கம்பி போலவும் அடுத்த இடத்தில் புழு போலவும் இருப்பதற்கு இதுதான் காரணம். அதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். பாதி முறுக்கேறிய நூலை மெதுவாக இழுத்தால், மெலிந்த பகுதி ஏற்கெனவே பூட்டிக்கொண்டதால் அசையாது. முறுக்கு குறைந்த பருத்த பகுதி மட்டும் நீண்டு மெலியும். மெலிந்தவுடன் அங்கும் முறுக்கு ஓடி வந்து பூட்டிவிடும். இராட்டையில் ஒரு கையை நீட்டி நெடுந்தூரம் இழுப்பவர்கள் நூலைச் சீராக்குவது கணக்கெடுத்து அல்ல. முறுக்கே அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது.

புரி சேர்த்தல்

நூற்றெடுத்த ஒற்றை நூல் எப்போதும் அமைதியற்றது. ஒரு திசையில் முறுக்கப்பட்டதால் அவிழவே முயன்றுகொண்டிருக்கும். இரண்டு நூல்களைச் சேர்த்து, நூற்ற திசைக்கு எதிர்த்திசையில் முறுக்கினால் அவிழ முயலும் இரண்டு விசைகளும் ஒன்றையொன்று சமன்செய்கின்றன. இரட்டைப்புரி, முப்புரி நூல்கள் இப்படித்தான் உருவாகின்றன. புரி சேர்த்த நூல் வலுவானது, சீரானது. ஒரு புரியில் இருக்கும் மெலிவை மற்றொன்று மறைத்துவிடும்.

திசைகளுக்குப் பெயர் உண்டு. நூலைச் செங்குத்தாகப் பிடித்தால் சுருள்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். ஆங்கில இசட் எழுத்தின் நடுக்கோடு போல வலப்பக்கம் ஏறினால் இசட் முறுக்கு, எஸ் எழுத்தின் நடுப்பகுதி போல இடப்பக்கம் ஏறினால் எஸ் முறுக்கு. கதிரை மேலிருந்து பார்க்கையில் கடிகாரத் திசையில் சுழற்றினால் இசட் கிடைக்கும். பலரும் இசட்டில் நூற்று எஸ்ஸில் புரி சேர்க்கிறார்கள். வழக்கம் மட்டுமே, மாற்றிச் செய்தாலும் குடிமுழுகாது. எதைச் செய்தோம் என்பதை ஒரு சீட்டில் எழுதி நூலோடு கட்டி வைப்பதுதான் முக்கியம்.

இந்த எதிர்த்திசைத் தந்திரம் எவ்வளவு பழையது தெரியுமா? பிரான்சின் அப்ரி டு மராஸ் என்ற பாறைக் குடைவில், நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு கற்கருவியில் ஒட்டியிருந்த நுண்ணிய கயிற்றுத் துணுக்கைப் பற்றி 2020-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மரப்பட்டை நாரால் ஆன மூன்று புரிகள் ஒவ்வொன்றும் எஸ் திசையில் முறுக்கப்பட்டு, மூன்றும் சேர்ந்து இசட் திசையில் முறுக்கப்பட்டிருந்தன. செய்தவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள்.

புரி சேர்த்த நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையக் கட்டாகச் சுற்றி ஒரு விரலில் தொங்கவிடுங்கள். திருகாமல் நேராகத் தொங்கினால் சமநிலை சரி. ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டால், நூற்ற முறுக்கும் புரி முறுக்கும் ஒத்துப்போகவில்லை. சிறு வேறுபாட்டை வெதுவெதுப்பான நீர் சரிசெய்துவிடும்: நாலு இடங்களில் தளர்வாகக் கட்டிய சிட்டத்தை ஊறவைத்து, பிழியாமல் அழுத்தி எடுத்து, எடை எதுவும் கட்டாமல் காயவிடுங்கள். காய்ந்த நூலைப் பார்த்தால் வேறு யாரோ நூற்றது போலத் தோன்றும்.

தறியில் நடப்பது

நெசவில் இரண்டு கூட்டத்து நூல்கள். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படுவது பாவு. அதற்குக் குறுக்கே ஓடுவது ஊடை. பாவிழைகளில் சில மேலேறவும் சில கீழிறங்கவும் விழுதுகள், அதாவது பாவிழைகளைக் கோத்துத் தூக்கும் கண்ணிகள், உதவுகின்றன. திறந்த வாய்க்குள் ஊடையைச் சுமந்த நாடா போகிறது. சீப்பு போன்ற அச்சு அதை அடித்து ஒதுக்குகிறது. சாதாரண அட்டையில் பல் வெட்டி நூல் சுற்றினாலும் தறிதான், இடுப்பில் பட்டை கட்டி உடல் எடையால் பாவை இழுத்துப் பிடிக்கும் முறையும் தறிதான், ஆலையில் ஓடுவதும் அதுதான்.

பாவு, ஊடை இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஆகவே ஒரே மாதிரி நூலையும் கேட்பதில்லை. பாவு எப்போதும் இழுவிசையில் நிற்கிறது, ஒவ்வோர் அடிக்கும் அச்சு அதன்மேல் உரசிப் போகிறது. அதற்கு முறுக்கு கூடிய, உறுதியான நூல் வேண்டும். கைத்தறி நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சி போடுவது இழைகள் சிலும்பி ஒன்றோடொன்று சிக்காமல் இருக்கத்தான். ஊடைக்கு இந்தத் துன்பங்கள் இல்லை. முறுக்கு குறைந்த, மெத்தென்ற நூலும் அங்கே பிழைத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் முதல் கைநூலை ஊடையாக வையுங்கள், பாவுக்கு ஆலை நூல் வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாமே என் கையால்" என்ற ஆசை நல்லதுதான், ஆனால் முதல் துண்டிலேயே அதை நிறைவேற்ற முயல்பவர்கள் பாவு அறுந்து முடிச்சுப் போடுவதிலேயே ஆர்வத்தை இழக்கிறார்கள்.

ஆலை நூலின் சீட்டில் 40, 60 என்று எண் இருக்கும். பருத்தியில் எண் பெரிதானால் நூல் மெல்லியது. ஒரு பவுண்டு நூலில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை வரும் என்பதே அந்த எண். 2/20 என்றால் இருபதாம் நம்பர் நூல் இரண்டைப் புரி சேர்த்தது. ஒரு பவுண்டுக்கு 8,400 கஜம் வரும். முதல் பாவுக்கு அது நல்ல தடிமன்.

ஓர் அங்குலத்துக்கு எத்தனை பாவிழை என்பதற்கு அளவுகோல் ஒன்றே போதும். நூலை அளவுகோலின்மீது நெருக்காமலும் இடைவெளி விடாமலும் ஓர் அங்குலத்துக்குச் சுற்றி எண்ணுங்கள். 20 சுற்று வந்தால், ஊடை ஓரிழை மேலும் ஓரிழை கீழுமாகப் போகும் சாதாரண நெசவில் அதில் பாதி, அதாவது அங்குலத்துக்கு 10 பாவிழை. மீதிப் பாதி இடம் குறுக்கே நுழையும் ஊடைக்கு. ட்வில் நெசவில் ஊடை இரண்டு பாவிழைகளைத் தாண்டிப் போவதால் குறைவாகவே நுழைகிறது. அங்கே பாவை மூன்றில் இரண்டு பங்குவரை நெருக்கலாம், 13 அளவில்.

எட்டு அங்குல அகலத்தில் 150 செ.மீ. கழுத்துத்துண்டு நெய்ய ஆசை என்று வைத்துக்கொள்வோம். பாவு 150 செ.மீ. போதாது. ஊடைமேல் ஏறி இறங்குவதிலும் துவைத்த பின் சுருங்குவதிலும் போகும் நீளத்துக்காக 30 செ.மீ. சேர்க்க வேண்டும். தறியில் கட்டவும், கடைசியில் நெய்ய முடியாமல் நிற்கும் பகுதிக்கும் 50 செ.மீ. மொத்தம் 2.3 மீட்டர். அகலமும் சுருங்கும் என்பதால் ஒன்பது அங்குலத்துக்கு 90 பாவிழை. 90 × 2.3 = 207 மீட்டர் நூல், பாவுக்கு மட்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் நூற்க உட்காராதீர்கள்.

முதல் துணியின் ஓரங்கள் உள்ளே இழுத்துக்கொண்டு நடுவில் இடுப்பு வைத்தது போல வரும். ஊடையை நேர்க்கோட்டில் இறுக்கிப் போடுவதால் நேர்வது இது. ஊடை நேராகக் கிடந்தாலும் அச்சு அடித்தவுடன் பாவிழைகளின் மேலும் கீழும் நெளிய வேண்டும், அதற்குக் கூடுதல் நீளம் தேவை. அடிப்பதற்கு முன் ஊடையைச் சற்றுச் சாய்வாகவோ வில்லாகவோ விட்டால் அந்த நீளம் கிடைத்துவிடும்.

ட்வில் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு வரியிலும் ஊடை ஓரிழை நகர்ந்து நுழைவதால் துணியில் சாய்ந்த கோடுகள் தெரியும். நீங்கள் அணிந்திருக்கும் ஜீன்ஸைத் திருப்பிப் பாருங்கள்: வெளியே நீலப் பாவு மேலோங்கி நிற்கிறது, உள்ளே வெள்ளை ஊடை. அந்தச் சாய்கோட்டின் திசையும் நூலின் முறுக்குத் திசையும் ஒன்றாக இருந்தால் கோடு மங்கும், எதிராக இருந்தால் எடுப்பாகத் தெரியும். ஒரே நிறத்தில் எஸ் நூலும் இசட் நூலும் மாறி மாறிப் பாவில் வைத்தால், சாயமே இல்லாமல் துணியில் நிழற்கோடுகள் விழும். ஒளி இரண்டிலும் வெவ்வேறு பக்கம் தெறிக்கிறது. மிகை முறுக்கேற்றிய நூலால் நெய்து நனைத்தால் அது சுருங்கி நெளிந்து கிரேப் துணியாகிறது. நூற்பில் குறையாக இருந்தது இங்கே வேண்டுமென்றே செய்யும் வேலைப்பாடு.

தறியிலிருந்து வெட்டியதும் துணி முடிந்துவிடவில்லை. அப்போது அது வெறும் நூல் வலை. நீரில் போட்டுத் துவைத்து எடுத்தால்தான் நூல்கள் தளர்ந்து பருத்து ஒன்றோடொன்று இடம் கண்டு உட்காரும்.

தறி இல்லாமலும் இழையோடு விளையாட வழிகள் உண்டு. ஊசிப் பின்னலும் குரோஷாவும் ஒரே நூலை வளையமாக்கிக் கோப்பவை. வளையம் நீள இடம் இருப்பதால் துணி இழுபடும். நெய்யாமல் கம்பளியை இறுக்கியே துணியாக்கும் ஃபெல்ட் செய்வதற்கோ முறுக்கே வேண்டாம்: சோப்பு நீர், வெப்பம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் கம்பளியின் செதில்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி இறுகிவிடும். ஆசையாக வாங்கிய கம்பளிச் சட்டை துவைக்கும் இயந்திரத்திலிருந்து குழந்தைச் சட்டையாக வெளிவருவதும் இதே அறிவியல்தான்.

சாயம் எங்கே போய் உட்காருகிறது?

சாயத் தொட்டியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இழை விலங்கிலிருந்து வந்ததா செடியிலிருந்து வந்ததா என்பது. கம்பளியும் பட்டும் புரதம். பருத்தியும் ஆளியும் செல்லுலோஸ். இரண்டும் சாயத்தை ஏற்கும் விதம் வேறு. எது என்று தெரியாத துணியென்றால், ஒரு நூலை இடுக்கியில் பிடித்து நீர்ப் பாத்திரத்தின் மேல் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகிய நாற்றம் வந்தால் புரதம். காகிதம் போல எரிந்து சாம்பலானால் செல்லுலோஸ். உருகிக் கெட்டி மணியானால் செயற்கை இழை. தாவரச் சாயம் அதில் பெரும்பாலும் ஏறாது.

தாவரச் சாயங்களில் பெரும்பாலானவை தாமாக ஒட்டுவதில்லை. சாயத்துக்கும் இழைக்கும் இடையே நின்று இரண்டையும் பிடித்துக்கொள்ள ஓர் உலோக உப்பு வேண்டும். அதுதான் நிறமூன்றி. பழகுபவர்களுக்குப் படிகாரம் போதும். 100 கிராம் உலர்ந்த கம்பளிக்கு 10 முதல் 15 கிராம் படிகாரம், கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சூடு. பருத்தி அவ்வளவு எளிதில் இணங்காது. சலவைச் சோடாவில் நன்கு அவித்து மெழுகும் எண்ணெயும் நீக்கி, கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளில் ஊறவைத்து, அதன் பிறகே படிகாரம். மஞ்சிட்டி வேரில் சிவப்பு வேண்டுமென்றால் சூடு 70 பாகை செல்சியஸைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் பழுப்பு கலந்துவிடும். சிறிதளவு இரும்பு உப்பு எந்த நிறத்தையும் மங்கலாக்கி ஆழமாக்கும், அதிகமானால் இழையைக் கெடுக்கும். பழைய கைப்பிரதிகளில் வரும் குரோமிய உப்பு நச்சு. வீட்டுக்குள் வரவே கூடாது. சாயப் பாத்திரம், கரண்டி எல்லாம் சமையலறையிலிருந்து நிரந்தரமாகப் பிரிந்திருக்க வேண்டும். தூளாக எதைக் கலந்தாலும் முகக் கவசம் அணியுங்கள்.

அவுரி இந்த விதிகள் எதற்கும் கட்டுப்படாது. அதன் நீலம் நீரில் கரையாது, நிறமூன்றியும் கேட்காது. காரத்தன்மையுள்ள நீரில், ஆக்சிஜனை இழக்கச் செய்யும் பொருள் ஒன்றோடு சேர்த்தால் கரைந்து மஞ்சள் கலந்த பச்சையாகும். அதில் தோய்த்த துணியை வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, கண்ணெதிரே பச்சை நீலமாக மாறும். இழைக்குள் மீண்டும் கரையாத நிலைக்குத் திரும்பிச் சிறைப்பட்டுவிடும். பிரெஞ்சுச் சாய வல்லுநர் மிஷேல் கார்சியா பரப்பிய எளிய தொட்டி ஒன்றுண்டு: எடையில் ஒரு பங்கு அவுரித் தூள், இரண்டு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு ஃபிரக்டோஸ் சர்க்கரை. பருத்திக்கு இது நன்றாக வரும். நீண்ட நேரம் ஊறவைப்பதைவிடக் குறுகிய தோய்ப்புகள் பல, இடையிடையே காற்று என்பதே ஆழ்ந்த நீலத்துக்கு வழி.

முறுக்கு இங்கேயும் வந்து நிற்கிறது. இறுக்கமாக முறுக்கிய நூலின் உள்ளே சாயம் எளிதில் புகாது, அதிலும் அவுரி மேற்பரப்பில்தான் படியும். ஜீன்ஸின் பாவு நூலை வெட்டிப் பார்த்தால் நடுவே வெண்மை தெரியும். உரசும் இடங்களில் நீலம் தேய்ந்து அந்த வெண்மை எட்டிப் பார்ப்பதையே பலர் அழகென்று விரும்புகிறார்கள். உள்வரை ஒரே நிறம் வேண்டுமென்றால் நூற்பதற்கு முன்பே பஞ்சாகவோ கம்பளியாகவோ தோய்த்துவிடுங்கள். அப்படிச் செய்தால் இரண்டு நிறப் பஞ்சைச் சீவிக் கலந்து மூன்றாவது நிறம் நூற்கவும் முடியும்; நூலாகத் தோய்ப்பவருக்கு அந்தச் சுகம் கிடையாது. நூலாகத் தோய்ப்பதானால் சிட்டத்தை முன்னதாகவே நீரில் நன்றாக ஊறவைத்து, கட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். கட்டிய இடம் வெள்ளையாக நிற்பது அப்போதுதான் குறையும்.

செயற்கைச் சாயம் என்றால் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1856-இல் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் மலேரியாவுக்கு மருந்தான குயினைனைச் செய்ய முயன்று ஊதாச் சாயத்தில் போய் முடித்ததிலிருந்து வண்ணங்களின் உலகமே விரிந்தது. பருத்திக்கு 1956-இல் சந்தைக்கு வந்த வினைச் சாயங்கள், சலவைச் சோடா சேர்த்த சாதாரண நீரில் இழையோடு வேதிப் பிணைப்பே கொள்கின்றன. முதல் தொட்டி வெற்றியாக வேண்டுமென்றால் அதிலிருந்து தொடங்குவது தவறே இல்லை.

எந்தச் சாயமானாலும் சோதனை ஒன்று அவசியம். சாயமேற்றிய நூலைச் சிறு அட்டையில் சுற்றி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் சாளரத்தில் இரண்டு வாரம் வைத்துவிடுங்கள். மஞ்சள் கிழங்கின் பொன்னிறம் மூடாத பாதியில் வெளிறிக் கிடக்கும். மஞ்சிட்டியும் அவுரியும் பெரும்பாலும் அசையாமல் நிற்கும். பச்சைக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம், ஏனென்றால் தாவரச் சாயங்களில் நல்ல பச்சை பெரும்பாலும் மஞ்சளின்மேல் நீலம் ஏற்றிப் பெறுவது. ஐரோப்பாவின் பழைய நெய்த திரைச்சீலைகளில் மரங்களும் புல்வெளியும் நீலமாகத் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். நெய்தபோது அவை பச்சைதான். அடியிலிருந்த மஞ்சள் ஒளியில் கரைந்துபோய், நீலம் மட்டும் தங்கிவிட்டது.